உத்திரம்: கூரை மரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: “பழைய வீடுகளில் கூரையைத் தாங்கும் பெரிய மரத்தை உத்திரம் என்கிறோம். உத்திரம் ஒரு நட்சத்திரத்தின் பெயரும்கூட. நட்சத்திரத்தின் பெயரைத்தான் மரத்துக்கு வைத்தார்களா? எழுதும்போது உத்தரம் என்பது சரியா, உத்திரம் என்பது சரியா?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்தின் பெயர் மரத்துக்குப் போகவில்லை, மரத்தின் பெயர் நட்சத்திரத்துக்கும் போகவில்லை. ‘உத்தர’ என்ற ஒரே வடசொல்லிலிருந்து இரண்டும் தனித்தனி வழியாக வந்தவை. ‘மேலே இருப்பது’ என்ற பொருளில் மரத்துக்கு அந்தப் பெயர். ‘பிந்தியது’ என்ற பொருளில் நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர். ஆனால் இரண்டும் ஒரே பெயராக இருப்பதைச் சங்க காலத்திலேயே ஒரு புலவர் கவனித்திருக்கிறார், அதை வைத்து ஓர் அழகான அடியும் எழுதியிருக்கிறார். அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். தூண் நிற்கிறது. தூணின் தலையில் போதிகைக் கட்டை. அதன்மேல், தூணுக்குத் தூண் நீளவாக்கில் ஓடும் கனமான மரம் உத்திரம். தூண் இல்லாத இடத்தில் சுவரின் தலைமேல் அது படுத்திருக்கும். உத்திரத்தின் மேல் கைமரங்கள் சாய்ந்து உட்காரும், கைமரங்களின் குறுக்கே வரிச்சல், வரிச்சலின் மேல் ஓடு. சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் மரம் விட்டம். வட்டத்தின் குறுக்கே போகும் கோட்டையும் நாம் விட்டம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குறுக்கே கிடப்பது என்பதே அந்தச் சொல்லின் பொருள். பேச்சில் உத்திரமும் விட்டமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய மொட்டை மாடி வீடுகளில் அறையின் குறுக்கே போட்ட தேக்கு மரத்தையும் உத்திரம் என்றே சொன்னார்கள். இதில் குறையொன்றும் இல்லை. எந்தத் திசையில் ஓடினாலும், தலைக்கு மேல் இருந்து பாரத்தை ஏந்தி, தூணுக்கோ சுவருக்கோ இறக்கிவிடும் பெருமரம் என்பதுதான் மக்கள் மனதில் உள்ள பொருள்.

அப்புறம், தச்சர்கள் ஒரு செவ்வகச் சட்டத்தை உத்திரமாகப் போடும்போது ஏன் நிறுத்தி வைக்கிறார்கள், ஏன் படுக்க வைப்பதில்லை என்றும் சிலர் கேட்பதுண்டு. 4 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம் என நிறுத்தி வைத்த சட்டம், அதே சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கும். தொய்வு நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். தாங்கும் வலிமை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தோடும், தொய்வைத் தடுக்கும் விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தோடும் கூடுவதுதான் காரணம். முழு நீளத்துக்கும் சுவரின் மேல் படுத்திருக்கும் உத்திரத்துக்கு இந்தக் கவலை இல்லை, அது வளைய வழியே கிடையாது. அங்கே தட்டையான மரமும் போதும். சிற்ப நூல்கள் உத்தரத்தை மூன்று வகையாகப் பிரிப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அகலம் தூணின் அகலத்துக்குச் சமம். உயரம் அதே அளவாக இருந்தால் கண்டோத்தரம், முக்கால் பங்கானால் பத்திரோத்தரம், பாதியானால் ரூபோத்தரம். இந்தப் பெயர்கள் மூன்றும் ‘உத்தரம்’ என்றே முடிவதையும் கவனியுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். வடமொழியில் ‘உத்’ என்றால் மேலே. அதோடு ஒப்பீட்டைக் காட்டும் ‘தர’ விகுதி சேர்ந்தால் உத்தர, அதாவது ‘இன்னும் மேலானது’. ‘தம’ விகுதி சேர்ந்தால் உத்தம, ‘எல்லாவற்றிலும் மேலானது’. நாம் உத்தமன் என்று சொல்லும் சொல்லும் வீட்டு உத்திரமும் உடன்பிறந்தவை. மேல் என்ற இந்த ஒரு கருத்திலிருந்து பொருள்கள் பல பக்கம் கிளைத்தன. உடம்பின் மேற்பாதியில் போடும் துணி உத்தரீயம். உயர்ந்த நிலம் இருக்கும் திசை உத்தரம், அதாவது வடக்கு. உத்தராயணம், உத்தரப் பிரதேசம் எல்லாம் அந்த வழி. நம் ஊரிலும் இதே மனக்கணக்குத்தான் வேலை செய்திருக்கிறது. இங்கே மலை இருப்பது மேற்குப் பக்கம், நிலம் சரிந்து இறங்குவது கடல் பக்கம். அதனால் மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் வந்தன. கங்கைச் சமவெளியில் இருப்பவனுக்கு மேடு வடக்கில் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

‘மேலும்’ என்ற பொருள் காலத்துக்குப் போனால் ‘அடுத்து வருவது, பிந்தியது’ என்று ஆகும். கேள்விக்கு அடுத்து வருவது உத்தரம், பதில். கிரேக்க மொழியில் இதே வேரிலிருந்து இதே விகுதியோடு பிறந்த ஹுஸ்தெரோஸ் என்ற சொல்லுக்கும் ‘பிந்திய’ என்பதே பொருள். ஆக, மேல் என்ற பொருளிலிருந்து பின் என்ற பொருளுக்கு நகர்ந்தது மிகப் பழைய நகர்வு.

நட்சத்திரத்துக்குப் பெயர் வந்தது இந்தப் ‘பின்’ வழியாகத்தான். 27 நட்சத்திரங்களில் மூன்று பெயர்கள் இரட்டையாக வருகின்றன. பூர்வ பல்குனி, உத்தர பல்குனி, பூர்வாஷாடம், உத்தராஷாடம், மூன்றாவதாகப் பூரட்டாதியும் உத்திரட்டாதியும். முந்தியதற்குப் பூர்வ, பிந்தியதற்கு உத்தர. தமிழில் பல்குனி இணையின் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பூரம், உத்திரம் என்று சொன்னோம். மற்ற இணைகளை ஒட்டிச் சுருக்கிப் பூராடம், உத்திராடம் என்றும், பூரட்டாதி, உத்திரட்டாதி என்றும் வைத்துக்கொண்டோம். விட்டுப்போன அந்தப் பல்குனி எங்கே? அது மாதப் பெயராகத் தங்கிவிட்டது. பல்குனி நட்சத்திரங்களின் பக்கத்தில் முழுநிலவு வரும் மாதம் பால்குனம், தமிழில் பங்குனி. பங்குனி உத்திரம் என்று முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிறோமே, அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் பழைய ‘உத்தர பல்குனி’ என்ற முழுப் பெயரும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இந்தப் பெயரில் மரமோ கூரையோ எங்கும் இல்லை.

இப்போது நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடியது. பாண்டியன் நெடுஞ்செழியனின் அரண்மனையைக் கட்டிய விதம் அதில் வருகிறது. கட்டடத் தொழிலில் ஆர்வமுள்ள எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி. இரண்டு கோல் நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, “நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு” மனை வகுக்கிறார்கள். அதற்கு அப்புறம் வாசல்:

“துணைமாண் கதவம் பொருத்தி இணைமாண்டு
நாளொடு பெயரிய கோளமை விழுமரத்துப்
போதவிழ் குவளைப் புதுப்பிடி காலமைத்துத்
தாளொடு குயின்ற போரமை புணர்ப்பின்
கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து
ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை”

‘நாளொடு பெயரிய விழுமரம்’ என்பதுதான் நமக்கு வேண்டிய இடம். பழந்தமிழில் நாள் என்றால் நட்சத்திரம், நாண்மீன். நட்சத்திரத்தோடு ஒரே பெயர் கொண்ட சிறந்த மரம் என்று சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லாமலே விடுகிறார் நக்கீரர். கேட்பவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதை உத்தரக்கற்கவி, அதாவது வாசல் நிலையின் மேல் வரும் உத்தரம், என்று விளக்குகிறார். நடுவில் திருமகள், இருபுறமும் இரண்டு செங்கழுநீர்ப் பூ, இரண்டு பிடியானை என்று அதன்மேல் செய்த வேலைப்பாட்டையும் சொல்கிறார். செட்டிநாட்டு வீடுகளின் வாசல்களில் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கும் கஜலட்சுமியைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

இந்த அடியைப் பிடித்துக்கொண்டுதான் பலரும் ‘உத்திர நட்சத்திரத்தின் பெயரை மரத்துக்கு வைத்தார்கள்’ என்று எழுதுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ‘நாளொடு’ என்கிறார் நக்கீரர். நாளோடு சேர்ந்து, நாளுக்கு இருப்பது போலவே, பெயர் பெற்ற மரம். எது முந்தி, எதிலிருந்து எது வந்தது என்று அவர் சொல்லவரவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதை வைத்து ஒரு விடுகதை போடுகிறார். அடுத்த சொல்லைப் பாருங்கள், ‘கோளமை’. பிடிப்பு, உறுதி என்ற பொருளில் ‘கொள்’ என்ற வினையிலிருந்து வரும் கோள் இது. ஆனால் நாள் என்ற சொல்லின் பக்கத்திலேயே கோள் என்ற சொல்லை வைத்தால், நாளும் கோளும் என்று சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்கு வானம் நினைவுக்கு வராமல் போகுமா? இந்தப் பொருத்தம் தற்செயலாக விழுந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. மனை வகுக்கும்போது ஞாயிற்றின் நிழலைப் பார்த்தவர்கள், வாசல் மரத்தில் நட்சத்திரத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் இந்தப் பாட்டிலிருந்து தெரிகிறது. இங்கே உத்திரம் இருப்பது கூரையில் இல்லை, வாசல் நிலையின் தலைமேல். இன்று லிண்டல் என்று சொல்கிறோமே, அந்த இடம். வடமொழியில் கதவு நிலையின் மேல் வரும் மரத்துக்கு உத்தரங்கம் என்ற சொல் இருக்கிறது. ஆக, நிலையின் மேலே இருப்பது, தூணின் மேலே இருப்பது, சுவரின் மேலே இருப்பது எல்லாவற்றுக்குமே ‘மேலது’ என்ற பெயர் பொருந்தியிருக்கிறது. நட்சத்திரத்திலிருந்து பெயர் வந்திருந்தால் இப்படி இடத்தை ஒட்டியே சொல் நடமாடியிருக்காது.

இந்த ஆறு அடிகளை விட்டுப் போக மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வாசல் சட்டத்துக்கு நக்கீரர் சொன்ன ‘நிலை’ என்ற சொல்லைத்தான் இன்றும் மரக்கடையில் சொல்கிறோம். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. அதை அப்பி நெய் பூசிய நிலை என்கிறார். இன்று நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் பூசுகிறோம். கயிறிட்டு என்றது இன்று நூல் பிடித்து என்று ஆகியிருக்கிறது. முடுக்குதல் என்பது இறுக்கிச் செலுத்துவது. திருகாணியை முடுக்கு என்று தெற்கே இன்றும் சொல்வார்கள். புணர்ப்பு என்பது மரத்தோடு மரம் சேரும் பொருத்து. புரை என்பது இடுக்கு, உள்ளே விழுந்த ஓட்டை. கைதேர்ந்த கம்மியன் இறுக்கி முடுக்கியதால் இடுக்கு இல்லாமல் சேர்ந்தது என்பதைத்தான் ‘புரை தீர்ந்து’ என்கிறார். திருக்குறளில் “புரைதீர்ந்த நன்மை” என்று படிக்கும்போது குற்றமற்ற நன்மை என்று பொருள் சொல்கிறோம். அந்தக் குற்றம் என்ற பொருளுக்கு அடியில் ஓட்டை என்ற பொருள் இருக்கிறது. பல் புரையோடியது, புண் புரையோடியது என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே வெளியே தெரிகிறது.

மரத்தின் பெயர் கல்லுக்கும் ஏறியது. விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டுக் குடைவரையில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எடுத்த கோயில் இது என்கிறது அந்தக் கல்வெட்டு. இப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால், அதுவரை கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும்தான் எழுந்தன என்று அர்த்தம். மரம் வேண்டாம் என்று சொன்ன அந்தக் குடைவரைகளுக்குள் போய்ப் பார்த்தால், தூணின் மேல் போதிகை, போதிகையின் மேல் உத்திரம் என்று தச்சனின் வேலை அப்படியே பாறையில் இருக்கிறது. மலையைக் குடைந்த இடத்தில் அந்த உத்திரம் எந்தக் கூரையையும் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. இருந்தாலும் அது இல்லாமல் ஒரு கட்டடத்தைக் கட்டடமாக அன்றைய சிற்பியின் கண் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னால் வந்த கற்றளிகளிலும், அதாவது கல்லால் கட்டிய கோயில்களிலும், சுவருக்கு மேலுள்ள கூரையுறுப்புகளை உத்திரம், வாஜனம், வலபி, கபோதம், பூமிதேசம் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். இதில் அடியில் இருக்கும் உறுப்புக்கு ‘மேலது’ என்று பெயரா என்று குழப்பம் வரலாம். தூணையும் சுவரையும் முடித்துவிட்டு அவற்றின் மேல் முதலில் வைப்பது என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பெயர் வைத்தவன் கீழே நின்று தூணைப் பார்த்தவன்.

கேரளத்தில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே சுவரின் தலைமேல் சுற்றி ஓடும் மரம் உத்தரம். அதன்மேல் கழுக்கோல்கள் (நம் கைமரங்கள்) உட்காரும், அவற்றின் மேல்முனைகள் உச்சியில் மோந்தாயம் என்ற முகட்டு மரத்தில் போய்ச் சேரும். தச்சு சாஸ்திரப்படி வீட்டின் சுற்றளவுக் கணக்கையே உத்தரத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். மலையாளத்தில் பதிலுக்கும் உத்தரம், கூரை மரத்துக்கும் உத்தரம், எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடு இல்லை. கக்கத்தில் இருப்பது விழவும் கூடாது, உத்தரத்தில் இருப்பதை எடுக்கவும் வேண்டும் என்று அங்கே ஒரு பழமொழி. கையைத் தூக்கினால்தான் உத்தரம் எட்டும், கையைத் தூக்கினால் கக்கத்தில் இடுக்கியது விழுந்துவிடும். நாம் மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை என்கிறோம். உத்தரத்தைத் தானே தாங்குவதாக நினைத்துக்கொள்ளும் பல்லி என்றும் அங்கே சொல்வார்கள், தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று எண்ணுபவரைப் பற்றி. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இந்தத் தச்சு வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால் உத்தரமும் கழுக்கோலும் எப்படிச் சேர்கின்றன என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

உத்திரம் தமிழ்ச் சொல்தான் என்று வாதிடுவோரும் உண்டு. உயர், உச்சி, உம்பர் என்று மேலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் உகரத்தில் தொடங்குகின்றனவே என்பது அவர்களின் வாதம். அந்தச் சொற்கள் தமிழ் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உத்தரம் என்பதைப் பிரித்தால் கிடைக்கும் ‘தர’ விகுதி தமிழின் ஒப்பீட்டு முறை இல்லை. பூர்வ, உத்தர என்று இணையாக வருவதும், உத்தர, உத்தம என்று படிப்படியாக வருவதும் வடமொழியின் சொல்லமைப்பு. முதலெழுத்து ஒன்றை மட்டும் வைத்து வேர் சொல்வது ஆபத்தான வழி. தமிழ் தச்சுத் தொழிலுக்குச் சொந்தச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. உளி, தூண், நிலை, விட்டம், வளை, முகடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு சொல்லை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டதால் அந்தத் தொழில் சிறுத்துவிடாது.

வானத்துக்கும் கூரைக்கும் இடையே உண்மையாகவே உறவு உள்ள சொல் வேறொன்று இருக்கிறது: துலாம். வடமொழியில் துலா என்றால் தராசு, வீட்டுக் கூரையில் போடும் மரமும் துலா. தமிழிலும் துலாம் என்பது தராசு, கிணற்றில் ஏற்றம் இறைக்கும் நெடுமரம், வீட்டு விட்டம் எல்லாவற்றையும் குறிக்கும். வானத்தில் ராசிக்கு அந்தப் பெயர் தராசின் உருவத்தால் வந்தது. தராசின் உயிரே அந்தக் குறுக்குக் கோல்தான். ஆக, துலாம் ராசியும் துலாக்கட்டையும் ஒரே உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். உத்திரத்தில் அப்படி உருவ ஒற்றுமை எதுவும் இல்லை, சொல்லின் ஒற்றுமை மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கடைசியாக எழுத்து. மரத்துக்கு உத்தரம், உத்திரம் இரண்டுமே பிழையில்லை, அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. உத்தரம் மூலத்துக்கு நெருக்கம். சித்திரம், பாத்திரம், சத்திரம், சூத்திரம் என்று ‘த்திரம்’ என முடியும் சொற்கள் தமிழில் நிறைய இருப்பதால் நாக்கு உத்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது என் கருத்து. நான் மரத்தையும் நட்சத்திரத்தையும் உத்திரம் என்றும், பதிலையும் வடதிசையையும் உத்தரம் என்றும் எழுதுகிறேன். படிப்பவருக்குக் குழப்பம் குறைகிறது. மலையாள வழக்கையோ சிற்ப நூலையோ மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் உத்தரம் என்றே விட்டுவிடுங்கள்.